தம்பியைக் கொன்ற ராஜா

தென்காசியில் குற்றாலம் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, முன் சீட்டுப் பெரியவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"கூடப் பொறந்த தம்பியைக் கொன்னவனுக்கு நான் பொண்ணு கொடுக்க மாட்டேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அவர் மைத்துனர் சிரித்தார்.

"அத்தான், அது நாடகம்லா. பையன் தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கு. அவங்க ஊரு பண்பொழித் திருவிழாவுக்கு ராஜா வேஷம் கட்டினான், அவ்வளவுதான்."

"கட்டட்டும். மந்திரி கோள் சொன்னா விசாரிக்காண்டாமா? உடனே வாளை உருவுதான். வில்லன்லே அவன்."

"உண்மை தெரிஞ்சதும் கிரீடத்தைக் கழத்தி வச்சுட்டு உயிரை விட்டானே! வில்லன் அப்படிச் செய்வானா? அவன்தான் கதாநாயகன்."

"செத்துட்டா செஞ்சது இல்லைன்னு ஆயிருமா? நாளைக்கு எவனாவது எம் பொண்ணைப் பத்திக் கோள் சொன்னா?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, தம்பியா நடிச்சவர் விழுந்த இடத்துல மேடைப் பலகையில ஆணி நீட்டிக்கிட்டு இருந்திச்சு. ராஜா அழுதுக்கிட்டே தன் சால்வையை மடிச்சு அவர் தலைக்கு அடியில வச்சாரு. அது கதையில உள்ளது இல்லப்பா."

பெரியவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, நாங்க ரெண்டு பேரும் ராஜாவைப் பாத்துட்டு இருந்திருக்கோம். நீ மாப்பிள்ளையைப் பாத்திருக்கே."

அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் கிளம்பியது. பெரியவர் மைத்துனரின் தொடையில் தட்டினார்.

"ராஜா எப்படியும் போட்டும்லே. அருவியில குளிச்சுட்டு வந்ததும் பண்பொழிக்கு ஆள் அனுப்பு."