வக்கீல் கோட்டை மடியில் வைத்திருந்தவர்

தெரிந்து செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் தப்பிக்கலாம் என்றால், சொல்லலாமா?

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் மடியில், தேய்த்து மடித்த வக்கீல் கோட்டு.

"இத எதுக்கு கொண்டு வந்திய? நான் போடக் கூடாதுல்லா?"

"ட்ரெயின்ல ஏசி குளிரும். விசாரணைக்கு உள்ள போகும்போது என்கிட்ட தந்திரு."

பேச்சிலிருந்து தெரிந்தது: கம்பெனி வேலைக்காக வக்கீல் தொழிலை நிறுத்தி வைத்திருந்தவள் அவள். வேலையை விட்டு, மறுபடி வாதாட பார் கவுன்சிலிடம் அனுமதி கேட்டிருக்கிறாள். அது வருமுன்னே ஒரு வழக்கில் வாதாடிவிட்டாள். அதற்காக எறணாகுளத்தில் இன்று அவள்மீது விசாரணை.

"அனுமதி வந்தாச்சுன்னு நெனச்சேன்னு சொல்லு. கண்டிச்சு விட்டிருவாங்க, கேட்டியா."

"வரலன்னு எனக்குத் தெரியுமே. அந்தக் கேஸுக்காரப் பொண்ணுக்கு அன்னைக்கு வேற வக்கீல் வரல. நான் நிக்கலன்னா கைக்குழந்தைய அவ கையிலேர்ந்து வாங்கியிருப்பாங்க."

"அப்படின்னா அதையே சொல்லு."

"வக்கீல் லிஸ்ட்லேர்ந்து பேர நீக்கிட்டா?"

"நீ வீட்ல இருந்தா சந்தோஷம்தான். உன் சாம்பார நெனச்சாதான் பயம்."

அவள் சிரித்து அவர் தோளில் குத்தினாள். பிறகு கோட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என்ன சொல்வாள் என்று தெரியுமுன் தம்பானூர் வந்து, கோட்டோடு இறங்கிவிட்டாள்.

நானாக இருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். பொய் சொல்லாதே என்று என் மகளுக்கு நாளை நான்தான் சொல்லித்தர வேண்டும். நீங்கள் அந்த வக்கீலிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.