புற்றுமண் பூசிய கண்

என் பெயர் காளிராஜ், வயது 51, தகப்பனார் பெயர் நல்லக்கண்ணு, சங்கரன்கோவில் திருவேங்கடம் சாலையில் குடியிருந்துகொண்டு நைட்டி மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். வெட்கத்தை விட்டு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பவம் நடந்த சமயம் நான் என் எலெக்ட்ரிக் காரின் ஓட்டுநர் இருக்கையில் இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டு, மதியச் சாப்பாடு கனத்துப்போனதால் வேட்டியைத் தளர்த்தி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைக் கல்லாவில் இருபது வருஷமாக அப்படித்தான் உட்காருகிறேன். அடிபட்டவரைப் பார்க்க நான் உடனே இறங்காததற்கு வேட்டிதான் காரணம், தப்பித்துப் போகும் எண்ணம் இல்லை. இது என் மனைவிக்கு இதுவரை தெரியாது. இனிமேல் ஊருக்கே தெரியும்.

மேற்படி எலெக்ட்ரிக் காரை நான் புளியங்குடியில் எலுமிச்சைத் தரகும் வண்டித் தரகும் சேர்த்துப் பார்க்கும் எபினேசர் என்பவர் மூலம் பழைய வண்டியாக வாங்கினேன். அவர் முன் கண்ணாடியின் நடுவில், உச்சியில் ஒட்டியிருந்த கறுப்புக் கூட்டைக் காட்டி, "அண்ணாச்சி, இதான் கண்ணு. ஆளு, மாடு, எது குறுக்க வந்தாலும் தானா நிக்கும். நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்" என்றார். ஒரு பொத்தானை அமுக்கினால் காலை எடுத்தாலும் வண்டி அதே வேகத்தில் ஓடும் என்பதையும் காட்டினார். சும்மா உட்கார்ந்திருப்பதில் எனக்குள்ள தேர்ச்சியை அவர் அறியமாட்டார். அதன் பின்னர் நான் டீக்கடை டீக்கடையாக, என் வண்டி என்னைவிடப் பொறுப்பானது என்று பேசித் திரிந்தேன். இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டய்யா சம்பவத்துக்கு வரச் சொன்னதால் வருகிறேன்.

திருவேங்கடத்தில் உள்ள கடைகளுக்குச் சரக்குப் போடுவதற்காக நான் மத்தியான வேளையில் அந்தச் சாலையில் போய்வருவது வழக்கம். வழியில் கரிசல் காட்டின் நடுவே ஒரு ஓடைப் பாலம் உண்டு. பக்கத்தில் ஒற்றை உடைமரம், வேறு வீடு வாசல் கிடையாது. முதல் தடவை என் மனைவி பொன்மணியும் உடன் வந்தாள். பாலத்துக்கு முன்னால் வண்டி தானாகவே வேகம் குறைந்து நின்றது. என் கால்கள் அப்போதும் மடித்தபடிதான் இருந்தன. அவள் பக்கம் வேட்டியை இழுத்து மூடிவிட்டிருந்ததால் அவள் அதைக் கவனிக்கவில்லை. சாலையில் ஈ காக்கை இல்லை.

"யாருக்கு வழி விடுதீங்க?" என்று பொன்மணி கேட்டாள்.

யாருக்கும் இல்லை என்றேன். சற்று நேரத்தில் வண்டி நகர்ந்தது. அதன் பின்னர் போகும்போதெல்லாம் அதே இடத்தில் நின்றது, தானே கிளம்பியது. திரும்பி வரும்போது நிற்கவில்லை.

ஒரு நாள் வண்டி நின்றபோது ஓரத்தில் ஆடுகள் வரிசையாக நின்றன. மேயவில்லை. எல்லா ஆடும் தலையைத் தூக்கி இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு ஒன்றுபோல, மெதுவாகத் திருப்பின. ஒரு ஆள் சாலையைக் கடக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் திருப்பின. உடைமரத்தடியில் இருந்த ஆடு மேய்ப்பவர் துண்டை ஆட்டி, "கடந்தாச்சு அண்ணாச்சி. இனி போங்க" என்றார். அவர்தான் இந்த வழக்கில் அடிபட்டுள்ள பேச்சிராஜ், வயது அறுபதுக்கு மேல் இருக்கும்.

நான் கண்ணாடியை இறக்கி, "எது வே கடந்தாச்சு?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? ஆடு சொல்லுது, நான் சொல்லுதேன். மத்த வண்டியெல்லாம் நிக்காது. உங்க வண்டி ஒண்ணுதான் மரியாத தெரிஞ்ச வண்டி" என்றார்.

வண்டியைப் பாராட்டியதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனாலும் அன்று வீட்டில் இரண்டு தோசைக்கு மேல் இறங்கவில்லை. நடந்ததைப் பொன்மணியிடம் சொன்னேன். அவள் மறுநாளே வண்டியைக் கோவில் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, உள்ளே போய்ப் பிரசாதமாகத் தரும் புற்றுமண் வாங்கிவந்து, தண்ணீரில் குழைத்து, பிள்ளைக்கு நெற்றியில் பூசுவது போல முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் உச்சியில் நடுவாக, அந்தக் கறுப்புக் கூட்டுக்கு நேராக அப்பிவிட்டாள். அது வண்டியின் கண் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் பூச மாட்டாள், பூசாவிட்டால் எனக்குப் பயம் போகாது. இது முழுக்க என் தவறு, அவளுடையது அல்ல.

அதன் பின்னர் அந்தப் பாலத்தில் வண்டி நிற்கவில்லை. நான் நிம்மதியாகச் சம்மணம் போட்டேன். ஆனால் பாலத்தைத் தாண்டிய உடனே, பின் இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று வண்டி மணி அடிக்கத் தொடங்கியது. பின்னால் ஆள் இல்லை, நைட்டி மூட்டைதான் இருந்தது. மூட்டையின் கனத்துக்கு அடிக்கிறது என்று நினைத்தேன். ஆனால் சங்கரன்கோவிலிலிருந்து அதே மூட்டை அதே இடத்தில்தான் வருகிறது, பாலம் வரை மணி அடிக்கவில்லை. அடுத்த முறை மூட்டையை டிக்கியில் போட்டுக்கொண்டு போனேன். பின் இருக்கை காலி. பாலம் தாண்டியதும் மணி அடித்தது. திருவேங்கடம் வரை அடித்தது. நான் பின்னால் பார்க்கும் கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவைத்துவிட்டு, வாய்க்கு வந்த பழைய பாட்டையெல்லாம் சத்தமாகப் பாடிக்கொண்டு ஓட்டினேன். கடைக்காரர் மூட்டை இருக்கிறதென்று நினைத்துப் பின் கதவைத் திறந்த பிறகுதான் மணி நின்றது. இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. வண்டியின் பெருமையை அவ்வளவு பேசிவிட்டு இதை எப்படிச் சொல்வது?

சம்பவத்தன்று மதியம் நான் முதல் பத்தியில் கண்ட கோலத்தில் போய்க்கொண்டிருந்தேன். பாலத்தை நெருங்கும்போது பேச்சிராஜ் சாலையின் நடுவுக்கு வந்து இரண்டு கையையும் விரித்து நின்றார். அவரை நான் தூரத்திலேயே நன்றாகப் பார்த்தேன். பார்த்தும் காலை இறக்கவில்லை. வண்டி நிற்கும் என்றுதான் இருந்தேன். எனக்கே பழகிப்போயிருந்தது, யாருமில்லாத இடத்தில் நின்ற வண்டி ஆள் நிற்கிற இடத்தில் நிற்காதா என்று. நிற்கவில்லை. புற்றுமண் நினைவுக்கு வந்து நான் காலைப் பிரித்து பிரேக்கைத் தேடி மிதிப்பதற்குள் வண்டி அவர் மேல் மோதி, அவர் பாலத்துச் சுவர் ஓரம் விழுந்தார். வேட்டியைக் கட்டிக்கொண்டு நான் இறங்குவதற்குள் எதிரே ஆட்டோவில் வந்தவர்கள் என்னைப் பிடித்து இழுத்தார்கள். அதன் பின்னர் அவர்களும் நானும் சேர்ந்து அவரைப் பின் இருக்கையில் படுக்கவைத்து சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். வழி முழுவதும் அவர் பெல்ட் இல்லாமல்தான் படுத்திருந்தார். அன்று மட்டும் மணி அடிக்கவில்லை.

வலது தொடை எலும்பு முறிந்திருப்பதாகச் சொல்லி அவரைத் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். ஏன் வே குறுக்கே வந்தீர் என்று கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "முன்னெல்லாம் நின்னு வழி விட்டிய. இப்ப நிக்காம ஏத்திக்கிட்டுப் போறிய. எறக்கிவிடச் சொல்லலாம்னுதான் வந்தேன்."

நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

என் மைத்துனர் செல்வக்குமார் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கிறார். என்னுடன் வந்திருந்த அவர் இதைக் கேட்டுவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "அத்தான், இப்படிப் பேசுறவன் குடிக்காமலா இருந்திருப்பான்? குடிச்சிட்டு குறுக்க விழுந்தான்னு ஒரு வரி சேத்துக்கிடுங்க. கேஸு பஞ்சு மாதிரி பறந்துரும்" என்றார். அந்த ஒரு வரியால் எனக்கு வழக்கு இல்லாமல் போகும், பேச்சிராஜுக்கு நஷ்ட ஈடும் இல்லாமல் போகும். பேச்சிராஜின் மகள் சங்கரேஸ்வரி தண்ணீர் பிடித்துக்கொண்டு அந்த வழியாகத்தான் வந்தாள். கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. என் மைத்துனரை அவள் பார்க்கவே இல்லை. என்னிடம், "எங்கய்யா அந்தப் பக்கமே போனதில்ல அண்ணாச்சி. ஆட்டுக்கு அந்த வாடை ஆகாது. நீங்க எழுதிக் குடுக்கதுல அப்படி வராமப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகவே சொல்கிறேன். பேச்சிராஜ் குடித்திருக்கவில்லை. அவரைத் தூக்கியபோது அவர் வாயருகே என் முகம் இருந்தது. வெற்றிலை வாடை மட்டுமே இருந்தது. பின் இருக்கை மணி அடித்தது எனக்கு மட்டுமே தெரியும், அவருக்குத் தெரிய வழியே இல்லை. அப்படியிருந்தும் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள் என்று அவர் சொன்னார் என்றால், அவர் குடித்துவிட்டு உளறினார் என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? நான் சொல்வதை நம்பாமல் என்னைக் கிறுக்கன் என்று எழுதிக்கொண்டாலும் எனக்குச் சம்மதம். தப்பு நடந்தது வண்டியின் கண்ணை நான் மண் பூசி மறைக்கவிட்டதால்தான். கண் திறந்திருந்தால் வண்டி நின்றிருக்கும்.

மேலே கண்டவை அனைத்தும் ஒருவர் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ சொன்னவை அல்ல, எனக்குத் தெரிந்தபடி நடந்தவை. ஏட்டய்யா படித்துக்காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ந. காளிராஜ்

மேற்கொண்டு சேர்த்துச் சொல்வது: நான் கையெழுத்துப் போட்ட பின்னர், வண்டியைச் சோதிக்க வந்திருந்த மெக்கானிக் லிங்கேஷ் என்பவர் காவல் நிலைய வளாகத்தில் ஏட்டய்யா முன்னிலையில் காய்ந்த புற்றுமண்ணைச் சுரண்டிவிட்டு, உட்பக்கம் இருந்த கறுப்புக் கூட்டைத் திருகிக் கழற்றினார். கழற்றியதை என் கையில் கொடுத்து, "இது அடிமட்ட மாடல் அண்ணாச்சி. தானா நிக்கிற வசதியெல்லாம் மேல் மாடலுக்குத்தான். கூடு மட்டும் எல்லாத்துக்கும் ஒண்ணு போலப் போட்டிருப்பாங்க" என்றார். உள்ளே பார்த்தேன். காலியாக இருந்தது. இதையும் எழுதவா என்று ஏட்டய்யா கேட்டார்கள். எழுதச் சொன்னேன்.

(ஒப்பம்) ந. காளிராஜ்