நட்டு வைத்த மண்வாரி

யாராவது கதவைத் தாழ் போடுங்கள். டேய் யெப்பே, நீ இளித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன்... இது என் மனைவியின் சித்தப்பா லாவுஸ்டுக்கு நடந்தது.

டிசம்பர். மாலை நாலு மணிக்கே இருட்டு. மீன் கொட்டகையிலிருந்து மணல்மேட்டுப் பாதையில் தனியாக வருகிறார். வீட்டிலும் தனிதான். மகன் எஸ்பென் போன படகு திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஆனாலும் தினமும் மேஜையில் இரண்டு கிண்ணம் வைப்பார்.

"ரெண்டாவது யாருக்கு, பூனைக்கா?" என்று யாராவது கேட்டால், அதையும் துடைத்து மகன் இடத்தில் வைப்பார். பாவம்.

பாதை பழைய தேவாலயத்தை ஒட்டிப் போகும். பழைய ஊரையே மணல் விழுங்கி, கோபுரம் மட்டும் மிச்சம். அந்தக் காலத்தில் ஞாயிறுதோறும் வாசலைத் தோண்டித்தான் உள்ளே போவார்களாம். நம் வழக்கம் அப்போது வந்ததுதானே? மண்வாரி நட்டிருந்தால், வந்து கை கொடு. படுத்திருந்தால், வேலை முடிந்தது, வீட்டுக்குப் போ.

அன்று கோபுரத்தடியில் ஒரு மண்வாரி நட்டிருந்தது. சுற்றிலும் ஒரு காலடிகூட இல்லை. நம்மாள் தாண்டிப் போவாரா? தோண்டினார். சரக்... சரக்... மெழுகுவத்தி வாசனை. ஈரக் கம்பளி வாசனை. மூச்சு வாங்க நிறுத்தினார்.

சரக்... சரக்...

சத்தம் நிற்கவில்லை. கீழேயிருந்து வந்தது.

"இன்னும் கொஞ்சந்தாம்ப்பா."

எஸ்பென் குரல். லாவுஸ்ட் பதறிப் பின்வாங்கினார். மண்வாரி நழுவி மணலில் படுத்தது.

கீழே சத்தம் சட்டென்று நின்றது.

"சரிப்பா... நீங்க வீட்டுக்குப் போங்க."

மறுநாளிலிருந்து வாரம் முழுக்கத் தோண்டினார். வெறும் மணல்.

"பயந்துட்டேன்டா... பெத்த பிள்ளைக்கே பயந்துட்டேன்" என்று என் தோளில் விழுந்து அழுதார். அதன்பிறகு தன் வீட்டு வாசலில் ஒரு மண்வாரியை நட்டே வைத்திருந்தார். நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை.

போன குளிர்காலம், ரொட்டி கொடுக்கப் போனேன். வாசலில் மண்வாரி படுத்திருந்தது. கதவு திறந்து கிடந்தது. ஆளைக் காணோம். அப்புறம் ஊரே திரண்டு தேடியும் கிடைக்கவில்லை.

அடுப்பு இன்னும் சூடாக இருந்தது. மேஜையில் இரண்டு கிண்ணமும் காலி. இரண்டு கரண்டியும் ஈரம்.

இரண்டாவது கிண்ணத்தின் அடியில் மட்டும்... கொஞ்சம் மணல்.