தொண்ணூற்றேழு வயது எச்சில்

—ஏழேமுக்காலுக்கே ஓட்டத்த விட்டுட்டாங்களே மிஸ். அந்த றோட்டாலயா வந்தீங்க?

—ஆமாண்ணே. பன்சலைச் சந்தியில வேன நிப்பாட்டிட்டாங்க. அவுருது வருசப் பொறப்புக்கு மரதன் ஓட்டம் போவுதாம். ஓடுறவங்க தாண்டுற வரைக்கும் நின்னோம்.

—மொத ஆளப் பாத்தீங்களா?

—இருபத்தேழாம் நம்பர். ஒல்லியா, பச்சைக் கால்சட்டை. பின்னால வந்தவங்க கண்ணுக்கே எட்டல.

—நம்ம தினேஷ் மிஸ்! எம் மகன்தான். இருபத்திரெண்டு வயசு. போன வருசமும் அவன்தான் மொதல்ல. லயத்துச் சனமே அங்கதான் நிக்குது. அப்பாவ தனியா விடக்கூடாதேன்னு நான் மட்டும் இருந்துட்டேன். ஒக்காருங்க. பிளேன்டீ போடவா?

—வேணாம். ஞாயித்துக்கெழமைன்னும் பாக்காம எங்க ஆராய்ச்சி டொக்டர் அனுப்பினாரு, நேர்ல சொல்லிட்டு வான்னு. தாத்தா எப்படி இருக்காரு?

—இந்தா, வெத்தலையும் கையுமா. அப்பா! விஜயகலா மிஸ் வந்திருக்காங்க!

—யாரு?

—கெம்பஸ்ல இருந்து தாத்தா. மாசி மாசம் வந்தேனே. தொண்ணூறு தாண்டினவங்க ஒடம்புல அப்படி என்னதான் இருக்குன்னு பாக்க.

—நான் இன்னும் சாவலேன்னு பாக்க வந்தியாக்கும்.

—அப்பா!

—விடுங்கண்ணே. தாத்தா சரியாத்தான் சொல்றாரு. சேதி என்னன்னா, எழுவது பேரோட எச்சில் பாத்தோம். ஆயுளக் கூட்டுற மாதிரி பரம்பரையில ஏதாச்சும் வருதான்னு தேடினோம். தாத்தாகிட்ட வேற ஒண்ணு இருக்கு.

—என்ன மிஸ்?

—ஆயுளக் கொறைக்கிறது.

—வெளங்கல.

—மரபணுவுல ஒரு சின்ன மாத்தம். அது இருந்தா இதயத் தசை தடிச்சுப் போகலாம். சிலர ஒண்ணும் செய்யாது. சிலருக்கு நல்லா இருக்கிறப்பவே பொசுக்குன்னு நின்னுடும். அத வச்சுக்கிட்டே தாத்தா தொண்ணூத்தேழு வயசு இருந்திருக்காரு, அறுவது வரைக்கும் றப்பர் பால் வெட்டியிருக்காரு. அவர எது காப்பாத்துதுன்னு தெரிஞ்சா எத்தனையோ பேரு பொழைப்பாங்க. டொக்டருக்கு ரெண்டு நாளாத் தூக்கமில்ல. இப்ப கொஞ்சம் ரத்தம் வேணும்.

—ரத்தமா?

—ஒரு ஊசிதான். தாத்தா, பயப்படாதீங்க. அன்னைக்குக் குழாயில துப்பினீங்கள்ல, அது மாதிரி லேசான வேலை.

—எந்தக் குழாய்?

—இத்தனூண்டு குழாய், நீல மூடி. அரை மணி நேரம் வெத்தலை போடாம இருங்கன்னு சொல்லிட்டு நான் அடுத்த லயத்துக்குப் போனேனே.

—வெத்தலைய நான் எப்ப விட்டேன்?

—அவருக்கு இப்பல்லாம் மறதி மிஸ்.

—யாருக்குடா மறதி? தோட்டத்துல என்னையப் பேர் பதிஞ்ச தொரை பேரச் சொல்லவா? ஓங்காத்தா விழுந்த மரத்தடியக் காட்டவா?

—அப்பா, பேசாம இருங்க. மைக்ல சொல்றது கேக்குதா மிஸ்? மொத ஆளு பெற்றோல் செட்டத் தாண்டிட்டானாம்.

—கேக்குது. அண்ணே, அம்மா விழுந்தாங்களா? வயசாகிச் செத்தாங்கன்னுதானே எழுதிக்கிட்டேன்.

—அப்படித்தான் சொன்னேன்.

—எத்தனை வயசு?

—முப்பத்தெட்டு. பால் வாளியோட விழுந்தாங்க. எனக்குப் பத்து வயசு. முனி அடிச்சிருச்சின்னாங்க.

—வேற யாரும்?

—எங்கண்ணன். இருபத்தி நாலு. வாலிபோல் அடிச்சிக்கிட்டு இருந்தவன் அப்படியே ஒக்காந்தான். அதுவும் முனிதான்னாங்க. பொண்ணு எடுத்த வீட்டுலகூட நாங்க சொல்லல மிஸ். நூறு வயசு வம்சம்னு நீங்க தேடிக்கிட்டு வந்திருக்கீங்க. அதப் போயி எந்த வாயால சொல்றது?

—தாத்தாவும் அம்மாவும் சொந்தமா?

—இல்ல, அசல். அவங்க கலவானப் பக்கம்.

—அப்ப அது அம்மா வழியில வந்தது. அம்மா வழியில வந்தது அப்பா எச்சில்ல எப்படிண்ணே இருக்கும்?

—நீங்க படிச்சவங்க மிஸ்.

—நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. குழாயில யாரு துப்பினது?

—அப்பா வெத்தலைய விட மாட்டேன்னுட்டாரு. நீங்க மழையில வேனுக்கிட்ட காத்துக்கிட்டு நிக்கிறீங்க. எம் பொஞ்சாதி வேற, மாமா படம் பேப்பர்ல வருதுன்னு டிவிசன் பூரா சொல்லிட்டா. வெறுங்குழாய எப்படி மிஸ் கையில குடுக்குறது?

—அப்ப அது ஒங்க எச்சில்.

—எல்லாம் பாழாப் போச்சா மிஸ்? டொக்டர் ஏசுவாரா?

—ஆராய்ச்சி கெடக்கட்டும். மொகத்தத் திருப்பாதீங்க, நான் கோவிக்கல. ஒங்களுக்கு இப்ப நாப்பத்தொம்போது. தலை சுத்துறது, மூச்சு வாங்குறது இருக்கா?

—இல்ல.

—இல்லாட்டியும் பரவாயில்ல, வேன்ல ஏறுங்க. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில காட்டிடலாம். மாத்திரை இருக்கு. இன்னையில இருந்து பாரம் தூக்கக் கூடாது, மேட்டுல ஏறக் கூடாது, ஓடக் கூடாது. பிள்ளைங்களுக்குப் பொறகு பாப்போம்.

—ஓடினா?

—ஒங்கண்ணனுக்கு நடந்தது நடக்கலாம். எழும்புங்க. சட்டையப் போடுங்க.

—எனக்கு வேணாம் மிஸ்.

—வெக்கப்படுற நேரமாண்ணே இது? தாத்தா, நீங்களாவது மகனுக்குச் சொல்லுங்க. அவரு எச்சில்லதான் அது இருக்கு.

—அவன் எங்க துப்பினான்? அன்னைக்குக் குடிச்சிட்டுல்ல கெடந்தான்.

—அப்பா!

—கட்டிலுக்கு அடியில கெடந்தான். நான்தானே எழுப்பி விட்டேன்.

—அண்ணே?

—எச்சில்ல சாராயம் இருக்கிறது ஒங்களுக்குத் தெரிஞ்சிரும்னு பயந்துட்டேன் மிஸ். நான் துப்பல.

—பின்ன யாரு?

—தாத்தாவுக்குப் பதிலா துப்புடான்னேன். சிரிச்சிக்கிட்டே துப்பினான். மிஸ், ஒங்ககிட்ட வேன் இருக்கு. அந்த இருபத்தேழாம் நம்பர நிப்பாட்ட முடியுமா?