காபி எத்தனை என்று கேட்ட டாக்டர்

பிரதோஷத்தன்று அண்ணாமலையாரைப் பார்க்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். கணவருடைய வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

“கை நடுக்கத்துக்குப் போனா, காபி எத்தனை குடிக்கறேன்னு கேக்கறான். அவன் டாக்டரா, போலீசா?” என்றார் மனைவியிடம்.

“மெதுவாப் பேசுங்க. மூளை செல்லு மேல சேதி வாங்கற ரிசப்டர் ரெண்டு ஒட்டிக்கினு இருக்குதாம். ஒண்ணு கையை ஒழுங்கா ஓட்டுமாம். பக்கத்துல இருக்கறது அதை அமுக்குதாம். புது மாத்திரை அந்தப் பக்கத்துல இருக்கறதைப் புடிச்சு வைக்குமாம். காபியும் கொஞ்சம் அப்படித்தானாம். அதான் எத்தனைன்னு கேட்டாரு.”

“அப்போ காபிக் கடைக்காரனே வைத்தியம் பாக்கட்டும். கெட்டது ஒண்ணு, மருந்து அடுத்ததுக்கா? இதுல இன்னாமோ இருக்குதுடி. எம்மேல சோதனை பண்றானுங்கோ. நான் முழுங்க மாட்டேன்.”

“முழுங்காதீங்க. நாளைக்கும் நானே சோறு ஊட்டறேன்.”

வரிசை நகர்ந்தது. நான் அந்தக் கைக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

சந்நிதியில் குருக்கள் திருநீறு கொடுத்தார். எல்லாரையும் போல அந்தக் கணவரும் இடது கையை அடியில் கொடுத்து வலது கையை நீட்டினார். கொஞ்சம் சிந்தியது. மீதி உள்ளங்கையிலேயே நின்றது.

“ஆடற கையை இப்ப எது நிறுத்திச்சு? பக்கத்துக் கைதானே?” என்றார் அந்தம்மா.

அவர் திருநீற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியில் பூசிக்கொண்டு, இன்னும் சந்தேகம் தீராத குரலில் கேட்டார்:

“அந்த மாத்திரை காபிக்கு முன்னாடியா, பின்னாடியா?”