எட்டாவது ஓட்டம்

கூலி உயர்வு கேட்டு மறியல். நன்னிலத்துக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. என் முன்சீட்டில் ஜன்னலோரம் இருந்த பெரியவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரை உற்றுப் பார்த்தார். நலம்கூட விசாரிக்காமல் சொன்னார்:

"எட்டாவது ஓட்டத்துல உன் தம்பியை நான் நம்பியிருக்கணும், கோவிந்தா."

"டிரில் மாஸ்டர் சாரா? விடுங்க சார், பழைய கதை."

"மறுநாள் ஜில்லா போட்டி. நூறு மீட்டரை முழு வேகத்துல திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். நடுவுல மூச்சு வாங்கக்கூட விடலை. மூணு தடவை பறந்தான். அப்புறம் வேகம் குறைஞ்சுகிட்டே வந்துது. எட்டாவது ஓட்டத்துல 'முடியலை சார்'னான். வேணும்னே ஏய்க்கிறான்னு நெனச்சேன்."

"வேலைக்கள்ளன்னு சொன்னீங்களாம்."

"சொன்னேன். சொல்லிட்டு இன்னும் நாலு தடவை ஓடவிட்டேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவுல அஞ்சு நிமிஷம் உக்காரவெச்சிருந்தா கால்ல தெம்பு திரும்பியிருக்கும். எனக்கு அப்பத் தெரியலை. போட்டியில பாதியிலேயே தொடை பிடிச்சு நின்னுட்டான். அதனாலதானே ஓட்டத்தையே விட்டான்?"

"தொடை பத்து நாள்ல சரியாயிடுச்சு சார். பண்ணையில வேலை வாங்கற காரியக்காரர் எங்கப்பாவைத் தினம் அந்த வார்த்தைதான் சொல்லுவாரு. பள்ளிக்கூடத்துலயும் அதேதானான்னு கேட்டான். அப்புறம் அந்தப் பக்கமே போகலை. நாத்துப் பறிக்க இறங்கிட்டான்."



"இப்ப எங்க இருக்கான்?"

"ரோட்டுல முதல் வரிசையில உக்காந்திருக்கான் பாருங்க. ஆளுங்களைத் திரட்டி பஸ்ஸை மறிச்சதே அவன்தான்."

ஜன்னல் பெரியவர் பக்கம்தான் இருந்தது. அவர் எட்டிப் பார்க்கவில்லை.