கறையான் மேல் போட்ட பழி

மரத்தில் செதுக்கப் பழகுகிறவர்கள் முதலில் சலவை சோப்பில் பழகுவது நல்லது. கோணலாகப் போனாலும் நஷ்டமில்லை, துணி துவைத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் கட்டிலுக்கடியில் சோப்பு யானைகள் வரிசையாக நின்ற காலம் உண்டு.

பிறகு ஜெலுத்தோங் மரத்துக்கு வந்தேன். இளகிய மரம், கத்திக்கு அடங்கும். மிஸ்டர் வேலாயுதம், நான் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் இன்ஸ்பெக்டர் துரைக்காக இங்கிலீஷில் எழுதுகிறீர்கள். இதைக் கவனமாக எழுதுங்கள். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ, கத்தியும் அந்தப் பக்கமே ஓட வேண்டும். எதிர்த்துப் போனால் சிம்பு சிம்பாகப் பிய்ந்துவிடும். மனிதர்களிடமும் நான் அப்படித்தான். பார்சல் ஆபீஸில் இத்தனை வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தும் யாரோடும் ஒரு வாய்ச்சண்டை போட்டதில்லை.

வாலண்டைன் என் பக்கத்து வீட்டுக்காரன். கூட்ஸ் ஷெட்டில் கிராணி. பருத்த ஆள், சிரித்த முகம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் செதுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். "எனக்கும் சொல்லிக் குடுங்கண்ணே" என்றான். சொல்லிக்கொடுத்தேன். கத்தியை உடம்பை விட்டு வெளிப்பக்கம் ஓட்டு, கட்டைவிரலைக் கத்தி முதுகுக்குப் பின்னால் வை, பழைய தோல் பெல்ட்டில் அடிக்கடி தீட்டு என்று எல்லாம் சொன்னேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாதர் எங்களிடம் மிருகங்கள் கேட்டார். வாலண்டைன் கழுதை செய்தான். நான் ஒட்டகம் செய்தேன். கழுதையை யாரும் செய்யலாம், கோலாலம்பூரில் ஒட்டகத்தைப் பார்த்தவர் யார்? குடிலில் வைத்த அன்று ஒரு அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த ஆட்டுக்கு முதுகுல என்னா கட்டி?" என்று கேட்டாள். நான் கோபப்படவில்லை. பார்க்கத் தெரியாதவர்களிடம் கோபப்பட்டு என்ன பயன்?

மறுநாள் போனபோது என் ஒட்டகம் அங்கே இல்லை. சாயம் அடிப்பதாகச் சொல்லி வாலண்டைன் எடுத்துப் போயிருந்தான். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்தான்.

"கழுத்த மட்டும் கொஞ்சம் இழைச்சேண்ணே. காலயும் லேசா. இப்ப பாருங்க லா, எப்படி நிக்குது!"

பார்த்தேன். அது ஒட்டகமாக நின்றது.

அவன் யாரிடமும் தன் பெயரைச் சொல்லவில்லை. "ரபேலண்ணன் செஞ்சது, நான் சாயந்தான் அடிச்சேன்" என்றே ஊரெல்லாம் சொன்னான். கிள்ளானிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள். பாதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெர்னடெட், வாலண்டைனின் மனைவி, எனக்குத் தோதோல் அல்வா கொடுத்தனுப்பினாள். சுவையாகத்தான் இருந்தது. ஒருவன் வேலையில் இன்னொருவன் கேட்காமல் கத்தி வைக்கக் கூடாது. இது எங்கள் பழக்கத்தில் அடிப்படை ஒழுக்கம். அதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டேன். மறந்ததைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என் பொறுப்புதானே.

எங்கள் குவார்ட்டர்ஸ் தூண்மேல் நிற்கிற வீடுகள். பின்பக்கம் மரப்படி, படிக்குக் கீழே விறகு அடுக்கும் இடம். வாலண்டைன் வேலைக்கும் பெர்னடெட் பாசாருக்கும் போன நேரங்களில், மழை தகரத்தில் கொட்டும்போது, நான் விறகுக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு மேல் படியின் அடிப்பக்கத்தில் வேலை செய்தேன். செங்கால் மரம். இரும்பு மாதிரி. அதில் சிறு உளி பிடித்து, மேல்பக்கம் கீறல்கூடத் தெரியாமல் குடைவது எல்லோராலும் ஆகாது.

இதில் அளவுதான் எல்லாம். பெர்னடெட் ஒல்லியான பெண், அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அவளிடம் எனக்கு என்ன விரோதம்? ஆகையால் அவள் துணிக்கூடையோடு ஏறினால் தாங்கவும், அவன் ஏறினால் தாங்காமல் போகவும் வேண்டிய கனத்தில் நிறுத்தினேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே அளந்தேன். புது வெட்டு வெளுப்பாகத் தெரியும் என்று சேறு பூசினேன். கடைசி வெட்டை அவன் காலையில் வேலைக்குப் போன பிறகுதான் வைத்தேன். அவள் பாசாரிலிருந்து வந்து ஏறினாள், இறங்கினாள். ஒரு முனகல் இல்லை. அவள் கூப்பிட்டு, அவளைப் போலவே ஒல்லியான நானே அந்தப் படியில் உட்கார்ந்து கோப்பி குடித்தேன்.

அன்று மத்தியானம் வாலண்டைன் பின்படி வழியாகச் சாப்பாட்டுக்கு வந்தான். ஒரே மிதிதான். கழுத்து முறிந்தது. மற்ற இடத்தில் சிராய்ப்புகூட இல்லை.

பெர்னடெட் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். "கல்லறைக்குச் சிலுவ நீங்கதான் செஞ்சு தரணும்ணே. அவருக்கு உங்க மேல உசுரு." செய்துகொடுத்தேன். இழைப்பு நன்றாக வந்தது.

அதோடு நான் சும்மா இருந்திருப்பேன். ஆனால் இன்ஸ்பெக்டர் துரையோடு விசாரணைக்கு வந்த ரயில்வே கங்காணி பக்கிரிசாமி உடைந்த படிப்பலகையைக் கையில் எடுத்தான். என் சேற்றைச் சுரண்டினான். "கறையான் வேல தொர" என்று சொல்லித் தூக்கி மூலையில் போட்டான். துரையும் அப்படியே எழுதிக்கொண்டார். இப்போது குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கறையானுக்கு மண்ணெண்ணெய் அடிக்கிறார்கள்.

செங்காலைக் கறையான் தொடாது, மிஸ்டர் வேலாயுதம். தொட்டாலும் இப்படியா தின்னும்? விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒரே சரிவு, ஓரிடத்தில்கூட உளி தடுக்கிய தடம் கிடையாது. அதைப் பூச்சி செய்தது என்று எழுதி வைத்தால் ஒரு மனிதன் எப்படித் தூங்குவான்? அதனால்தான் நானே நடந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். "வாலண்டைன் ஒங்க கூட்டாளிதானே, அண்ணே?" என்று கேட்கிறீர்கள். ஆமாம், நல்ல கூட்டாளி. அவனை நான்தான் கொன்றேன். பொறாமையில் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அவனிடம் பொறாமைப்பட என்ன இருந்தது?

இன்னும் ஒன்று. துரையிடம் சொல்லுங்கள். கோர்ட்டில் அந்தப் பலகையை மேசைமேல் வைக்கும்போது, அடிப்பக்கம் ஜனங்களுக்குத் தெரிகிற மாதிரி வைக்கட்டும்.